‘ஆல்’ என்று முடியும் பெயர்கள்

வீட்டில் இருக்கும் பாட்டில்களின் லேபிளை ஒரு நாள் ஓய்வாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள். சானிடைசரில் எத்தனால் என்று இருக்கும். தலைவலித் தைலத்தில் மென்தால். டெட்டால் பாட்டிலின் பின்பக்கம் குளோரோசைலினால். காய்ச்சல் மாத்திரை பாராசிட்டமால். இருமல் சிரப்பில் கிளிசரால், சார்பிட்டால். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால்.

எல்லாமே ‘ஆல்’ என்று முடிகின்றன. இது தற்செயல் இல்லை. கார்பன் அணுக்களால் ஆன மூலக்கூறு ஒன்றில் ஓர் ஆக்சிஜனும், அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஹைட்ரஜனும் ஒட்டியிருந்தால், அந்த ஜோடிக்கு ஹைட்ராக்சில் தொகுதி என்று பெயர். அது இருக்கிறது என்பதற்கான அடையாளம்தான் பெயரின் கடைசியில் வரும் இந்த ‘ஆல்’. ஊரில் ஒரே இனிஷியல் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே குணமாக இருப்பதில்லை அல்லவா? இங்கேயும் அதே கதைதான். ஆனால், இங்கே ஆள் மாறினால் உயிர் போகும்.

பிளஸ் டூ வேதியியலில் ‘ஹைட்ராக்ஸி சேர்மங்கள் மற்றும் ஈதர்கள்’ என்று ஒரு பாடம் உண்டு. ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய ஆல்கஹால் என்று பிரித்து, லூகாஸ் சோதனை, விக்டர் மேயர் சோதனை என்று படிப்பார்கள். சிவப்பு வந்தால் ஓரிணையம், நீலம் வந்தால் ஈரிணையம், நிறமே வராவிட்டால் மூவிணையம். தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகும் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளிக்கும் இருமலுக்கும் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறை மாதிரியை எடுத்துச் சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அதாவது 486 மடங்கு.

அந்தக் குழந்தைகளைக் கொன்றதும் ஒரு ‘ஆல்’தான். சிரப்பில் இருக்க வேண்டிய நல்ல ‘ஆல்’ இருந்த இடத்தில், பார்க்க அதைப் போலவே இருக்கும் வேறொரு ‘ஆல்’ உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது அந்த பிளஸ் டூ பாடத்துக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் குடும்பத்தைப் பிரிக்க வேதியியலாளர்கள் கேட்கும் முதல் கேள்வி, அந்த ஜோடி எதன் மீது உட்கார்ந்திருக்கிறது என்பது. சாதாரண கார்பன் சங்கிலியிலோ வளையத்திலோ உட்கார்ந்தால் அது ஆல்கஹால். பென்சீன் வளையம் என்கிற ஆறு கார்பன் வட்டத்தின் மேல் நேரடியாக உட்கார்ந்தால் அது பீனால். வினிகரில் இருப்பது போல, பக்கத்திலேயே இன்னோர் ஆக்சிஜனும் அதே கார்பனைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது அமிலம். அதை இந்த வீட்டுக்குள்ளேயே சேர்ப்பதில்லை.

ஆல்கஹாலுக்கும் பீனாலுக்கும் உள்ள தூரத்தை அஞ்சறைப் பெட்டியை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஓமத்தின் அந்தக் காரமான வாசனைக்குக் காரணம் தைமால். தைலத்தில் ஜில்லென்று இருப்பது மென்தால். இரண்டின் கார்பன் எலும்புக்கூடும் ஒன்றேதான். அதே பத்து கார்பன், அதே இடத்தில் அதே ஹைட்ராக்சில். ஆனால், தைமாலின் வளையம் பென்சீன் வளையம். மென்தாலின் வளையத்தில் கூடுதலாக ஆறு ஹைட்ரஜன்கள் ஏறியிருக்கின்றன. அதனால் தைமால் பீனால் வகை, மென்தால் ஆல்கஹால் வகை. தொழிற்சாலையில் தைமாலுக்கு ஹைட்ரஜனை ஏற்றியே மென்தால் தயாரிக்கிறார்கள். ஓமத்திலிருந்து புதினாவுக்கு ஆறே ஆறு ஹைட்ரஜன் தூரம்!

கிராம்பில் இருக்கும் யூஜினால், மஞ்சளின் குர்குமின், மிளகாயின் கேப்சைசின் எல்லாம் பீனால் வகைதான். பாராசிட்டமாலும் அப்படியே. பீனால்களின் ஹைட்ராக்சில், தன் ஹைட்ரஜனைக் கொஞ்சம் எளிதாக விட்டுக்கொடுக்கும். அதனால் அவற்றுக்கு லேசான அமிலக் குணம் உண்டு. பழைய ஆட்கள் பீனாலை ‘கார்பாலிக் ஆசிட்’ என்று சொன்னது அதனால்தான். 1865-ல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து வெளியே தெரிந்த ஒரு சிறுவனின் காலில் இதை நனைத்த துணியைக் கட்டினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காயம் சீழ் பிடித்தால் காலை எடுப்பார்கள், அல்லது உயிரே போகும். அந்தச் சிறுவன் நடந்து வீட்டுக்குப் போனான். இன்றைய ஆபரேஷன் தியேட்டர் சுத்தத்தின் ஆரம்பங்களில் அதுவும் ஒன்று.

பினாயிலிலும் ஒரு வேடிக்கை உண்டு. கறுப்பு பினாயிலில் இருப்பவை தார் எண்ணெயிலிருந்து வரும் பீனால்கள். வெள்ளை பினாயில் பெரும்பாலும் பைன் மர எண்ணெயில் செய்யப்படுவது; அதன் முக்கியச் சரக்கு டெர்பினியால், ஓர் ஆல்கஹால். பெயர் என்னவோ இரண்டுக்கும் பினாயில்தான்.

இரண்டாவது கேள்வி, எத்தனை ஜோடிகள் இருக்கின்றன என்பது. எத்தனாலில் ஒன்று. கிளிசரினில் மூன்று. சர்க்கரை நோயாளிகளுக்கான இனிப்பிலும் சூயிங்கத்திலும் போடும் சார்பிட்டாலில் ஆறு. அந்த இனிப்பைக் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு, வயிறு கலங்கிப் போனவர்களுக்குச் சார்பிட்டாலின் குணம் தெரிந்திருக்கும்.

ஒன்று இருக்கிறது, மூன்று இருக்கிறது, அப்படியானால் நடுவில் இரண்டு உள்ள ஒன்று இருந்தாக வேண்டுமே என்று யோசித்தவர் பிரான்ஸைச் சேர்ந்த அடால்ப் உர்ட்ஸ். ‘உர்ட்ஸ் வினை’ என்று பாடப் புத்தகத்தில் வருகிறவர் இவர்தான். யோசித்ததோடு விடாமல் 1856-ல் அதைத் தயாரித்தும் காட்டினார். கிளிசரினின் முன்பாதியையும் ஆல்கஹாலின் பின்பாதியையும் ஒட்டவைத்து ‘கிளைகால்’ என்று பெயர் வைத்தார். அவர் செய்த எத்திலீன் கிளைகால்தான் இன்று கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் இருக்கிறது.

ஹைட்ராக்சில் கூடக்கூட மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். எத்தனால் 78 டிகிரியில் கொதித்துவிடும். எத்திலீன் கிளைகாலுக்கு 197 டிகிரி வேண்டும். கிளிசரினுக்கு 290. தண்ணீர் மாதிரி ஓடுகிற திரவம், பாகு மாதிரி கெட்டியாகிறது. இனிப்பும் சேர்கிறது. ‘கிளை’ என்கிற முன்பாதியே கிரேக்க மொழியில் இனிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பாகு மாதிரி இருக்கும், இனிக்கும், மணம் கிடையாது, நிறம் கிடையாது, தண்ணீரிலும் கலக்கும், மருந்தையும் கரைக்கும். சிரப் செய்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதனால்தான் கிளிசரின், சார்பிட்டால், புரொப்பிலீன் கிளைகால் மூன்றும் திரவ மருந்துகளில் புகுந்தன. ஆபத்தும் அதே வாசல் வழியாகத்தான் வந்தது. எத்திலீன் கிளைகாலும் டைஎத்திலீன் கிளைகாலும் கண்ணுக்கும் நாக்குக்கும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும்.

மூன்றாவது கேள்விதான் பிளஸ் டூ மாணவர்களைப் பாடாய்ப் படுத்தும் ஓரிணையம், ஈரிணையம், மூவிணையம். ஹைட்ராக்சில் உட்கார்ந்திருக்கும் கார்பனுக்குப் பக்கத்து வீட்டில் எத்தனை கார்பன்கள் என்பதே கணக்கு. ஒன்று அல்லது எதுவும் இல்லாவிட்டால் ஓரிணையம்; எத்தனாலும் மெத்தனாலும் இந்த வகை. இரண்டு என்றால் ஈரிணையம். நர்ஸ் ஊசி போடும் முன் தடவும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இது. கொலஸ்ட்ராலும் இதேதான். மூன்று என்றால் மூவிணையம். கொத்தமல்லி விதையை வறுக்கும்போது வரும் வாசனையில் பெரும்பங்கு வகிக்கும் லினலூல் ஓர் உதாரணம்.

இந்தக் கணக்கு எதற்கு? ஆக்சிஜன் ஏறும்போது அந்தப் பொருள் என்னவாக மாறும் என்பதை இது முன்கூட்டியே சொல்லிவிடும். ஓரிணையம் முதலில் ஆல்டிஹைடு ஆகும், பிறகு அமிலமாகும். ஈரிணையம் கீட்டோன் ஆகி அங்கேயே நின்றுவிடும். மூவிணையம் லேசில் மசியாது. சோதனைக் குழாயில் நடக்கும் இதையேதான் நம் கல்லீரலும் செய்கிறது. உள்ளே வந்த ஆல்கஹாலை, அது நல்லதா கெட்டதா என்று பார்க்காமல், ஆக்சிஜன் ஏற்றி வெளியே தள்ளப் பார்க்கிறது.

எத்தனால் கல்லீரலில் அசிட்டால்டிஹைடு ஆகி, பிறகு அசிட்டிக் அமிலம் ஆகும். அது வினிகரில் உள்ள சரக்கு. உடம்புக்குத் தெரிந்த பொருள். குடித்தால் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. இடையில் வரும் அசிட்டால்டிஹைடு செய்யும் கெடுதல் தனிக் கதை. மெத்தனாலிலோ ஒரே ஒரு கார்பன்தான் குறைவு. அதே நொதி, அதே பாதை. ஆனால், வந்து சேர்வது பார்மால்டிஹைடும் பார்மிக் அமிலமும். பார்மிக் அமிலம் கண் நரம்பைத் தாக்கும், ரத்தத்தையே அமிலமாக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும், பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டதும் இந்த ஒரு கார்பன் வித்தியாசத்தால்தான். ஒரே மாதிரி இருக்கும், ஒரே மாதிரி போதை தரும். மெத்தனாலாக இருக்கும்போது அது பெரிய விஷம் இல்லை. நம் கல்லீரல்தான் அதை விஷமாக்குகிறது. அதனால்தான் குடித்த உடனே ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்துக் கண் மங்குகிறது. ஆஸ்பத்திரியில் இதற்குக் கொடுக்கும் மருந்தும் அந்த நொதியை வேறு பக்கம் திருப்பவோ தடுக்கவோதான்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஈரிணையம். எனவே அது அசிட்டோன் ஆவதோடு நின்றுவிடும், அமிலமாகாது. அதையும் குடிக்கக் கூடாது. மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தக் குறைவு எல்லாம் வரும். ஆனால், மெத்தனாலைப் போலக் கண்ணைப் பறிக்காது.

இப்போது சிரப்புக்கு வருவோம். புரொப்பிலீன் கிளைகாலில் இரண்டு ஹைட்ராக்சில் உண்டு. ஒன்று ஓரிணையம், மற்றது ஈரிணையம். ஓரிணைய முனை அமிலமாகும், ஈரிணைய முனை ஆகாது. கிடைப்பது லாக்டிக் அமிலம். தயிரில் இருப்பது, ஓடினால் நம் தசையிலேயே ஊறுவது. அதை என்ன செய்வது என்று உடம்புக்கு நன்றாகத் தெரியும். எத்திலீன் கிளைகாலிலும் இரண்டு ஹைட்ராக்சில்தான். ஆனால், இரண்டுமே ஓரிணையம். இரண்டு முனையும் அமிலமாகி, கடைசியில் ஆக்சாலிக் அமிலத்தில் போய் நிற்கும். அது கால்சியத்தோடு சேர்ந்து ஊசி ஊசியான படிகங்களாகச் சிறுநீரகத்தில் படியும். ஒரு கார்பன் தள்ளி உட்கார்ந்ததில் தயிருக்கும் விஷத்துக்கும் இவ்வளவு வித்தியாசம்.

டைஎத்திலீன் கிளைகால் என்பது இரண்டு எத்திலீன் கிளைகால்கள் நடுவில் ஓர் ஆக்சிஜன் பாலம் போட்டுக் கை கோத்துக்கொண்ட வடிவம். அந்தப் பாலத்துக்குப் பெயர் ஈதர் பிணைப்பு. கல்லீரலால் இந்தப் பாலத்தை உடைக்க முடிவதில்லை. முனைகளை மட்டும் அமிலமாக்கி விட்டுவிடுகிறது. அப்படி உருவாகும் டைகிளைகாலிக் அமிலம் சிறுநீரகக் குழாய்களின் செல்களைக் கொல்கிறது. ஹைட்ராக்ஸி சேர்மங்களையும் ஈதர்களையும் ஒரே பாடத்தில் சேர்த்தவர்கள் இதை நினைத்துச் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆனால், இந்த ஒரு மூலக்கூறைப் புரிந்துகொள்ள அந்தப் பாடத்தின் இரண்டு பாதியும் வேண்டியிருக்கிறது.

இது இன்று நேற்று ஆரம்பித்த கதை இல்லை. 1937-ல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்ற மருந்து மாத்திரையாகவும் பொடியாகவும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கத் திரவமாக வேண்டும் என்று கேட்டார்கள். டென்னசி மாநிலத்தில் இருந்த ஒரு கம்பெனியின் வேதியியலாளர், அது டைஎத்திலீன் கிளைகாலில் அழகாகக் கரைவதைக் கண்டுபிடித்தார். ராஸ்பெர்ரி சுவை சேர்த்தார்கள். சுவை சரியா, நிறம் சரியா, மணம் சரியா என்று பார்த்தார்கள். விஷமா என்று மட்டும் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கச் சொல்லும் சட்டமும் அப்போது இல்லை. 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் 34 பேர் குழந்தைகள். அந்த வேதியியலாளர் பின்னர் தற்கொலை செய்துகொண்டார்.

அரசு அந்த மருந்தைக் கைப்பற்றிய விதம்தான் விசித்திரம். விஷத்தை விற்றது அன்றைய சட்டப்படி குற்றமே இல்லை! பாட்டிலில் ‘எலிக்சிர்’ என்று போட்டிருந்தார்கள். எலிக்சிர் என்றால் அதில் எத்தனால் இருக்க வேண்டும் என்பது மருந்து உலக வழக்கு. இதில் எத்தனால் ஒரு சொட்டுகூட இல்லை. எனவே ‘பெயர் தவறு’ என்று வழக்குப் போட்டார்கள். ‘கரைசல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பிடியும் நழுவியிருக்கும். இதற்கு அடுத்த ஆண்டு, 1938-ல், விற்பனைக்கு முன்பே மருந்து பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது.

உலகம் பாடம் கற்றுக்கொண்டதா என்றால், வேதியியல் புத்தகத்தில் கற்றுக்கொண்டது, கிடங்குகளில் கற்றுக்கொள்ளவில்லை. 1972-ல் சென்னையிலேயே பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதே பொருள் கலந்த மருந்தால் இறந்தார்கள். 1986-ல் மும்பையின் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினோடு கலந்து வந்து 14 பேரைப் பலி வாங்கியது. பனாமா நாட்டுக்கு 46 பீப்பாய்களில் ‘டி.டி. கிளிசரின்’ என்ற பெயரில் போய்ச் சேர்ந்தது. அந்த ‘டி.டி.’ என்பது மாற்றுப் பொருள் என்பதற்கான சீனச் சொல்லின் சுருக்கம். சீனாவிலிருந்து ஸ்பெயின் வழியாகக் கைமாறிக்கொண்டே போன அந்தப் பீப்பாய்களைத் திறந்து, உள்ளே இருப்பது என்ன என்று யாரும் சோதிக்கவில்லை. 2022-ல் காம்பியா நாட்டில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்த சிரப்பும் இந்தியாவில் தயாரானதுதான்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த புரொப்பிலீன் கிளைகாலுக்கும் கிளிசரினுக்கும் விலை அதிகம். தொழிற்சாலைத் தரத்தில் வருவது மலிவு. பெயர் ஏறக்குறைய ஒன்று, பீப்பாய் ஒன்று, உள்ளே இருக்கும் பாகும் ஒன்று போலவே இருக்கும். கையில் தொட்டு, மோந்து, நிறம் பார்த்து வாங்கினால் பிடிபடாது. வாயு நிறப்பிரிகை என்ற கருவியில் கொடுத்தால் இரண்டும் தனித்தனி நேரத்தில் வெளியே வரும். யார் யார் என்று தெரிந்துவிடும். விஷமுறிவு மாதிரி அரிய வித்தை இல்லை இது. ஒரு நாளில் முடிகிற சோதனை.

பெற்றோர் இந்தச் சோதனையை வீட்டில் செய்ய முடியாது. லேபிளைப் படித்துக் கண்டுபிடிக்கவும் முடியாது; ஏனென்றால் லேபிளில் நல்ல ‘ஆல்’ பெயர்தான் இருக்கும். அவர்களால் முடிந்தது வேறு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. ஐந்து வயது வரைகூட பொதுவாக இவை பரிந்துரைக்கப்படுவதில்லை. சின்னக் குழந்தைகளின் இருமலில் பெரும்பாலானவை மருந்தில்லாமலே அடங்கிவிடும். போன தடவை மிச்சம் வைத்த பாட்டிலிலிருந்து ஒரு மூடி கொடுப்பதும், பெரிய பிள்ளைக்கு எழுதியதைச் சின்னதுக்குக் கொடுப்பதும் வேண்டாம். கூலன்ட்டையும் ஸ்பிரிட்டையும் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இனிக்கிற கூலன்ட்டைக் குழந்தை துப்பாது.

சிரப் குடித்த குழந்தைக்கு வாந்தி, வயிற்று வலி வந்து, சிறுநீர் போவது குறைந்தாலோ நின்றாலோ, ‘தண்ணீர் குடிக்கவில்லை, அதனால்தான்’ என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த பாட்டிலைக் கழுவாமல், லேபிளைக் கிழிக்காமல், அப்படியே கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதிலிருக்கும் பேட்ச் எண்ணை வைத்துத்தான், அதே பீப்பாயிலிருந்து போன மற்ற பாட்டில்கள் எந்தெந்தக் கடைகளில் இருக்கின்றன என்று தேடத் தொடங்குவார்கள்.